அஞ்சாவது வரைக்கும்

கஸ்தூரிகிட்ட ஒரு விஷயத்தைச் சொல்றதும் மைக் செட்காரன்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான்னு எங்க சந்துல ஒரு பேச்சு உண்டு, அது பொய்யும் இல்ல, காலையில இட்லி மாவு வாங்க வர்ற பொம்பளைங்க பாத்திரமும் நிறைஞ்சு காதும் நிறைஞ்சுதான் என் கடையை விட்டுப் போவாங்க; ஆனா அயனாவரம் மூக்காத்தம்மன் சந்துல என் தலைக்கு மேல மாடி வீட்டுல இருக்கிற சுகந்தியோட பொண்ணு எழில் செத்துப்போனதுக்கு அப்புறமும், அந்தப் பிள்ளையோட ஸ்கூல் பினோஃபார்ம் வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு பாருங்க, அந்தக் கதையில கடைசியா நடந்த ரெண்டு விஷயத்தை மட்டும் நான் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கல. உங்களுக்கு எங்க சந்துல யாரையும் தெரியாதுன்ற தைரியத்துல இப்ப சொல்றேன்.

எழில் மூணாவது போன வருஷம் ஜூன் மாசம், சுகந்தி அவளைக் கையில புடிச்சுக்கிட்டு மஸ்தான் பாய் தையக்கடைக்கு வந்தா, நான் என் ஜாக்கெட் இன்னும் தைக்கலைன்னு அந்த மனுஷனோட மல்லுக்கட்டிக்கிட்டு அங்கதான் நின்னேன். ஸ்கை ப்ளூ துணியில பினோஃபார்ம், அதான் சட்டைக்கு மேல போடுற கையில்லாத யூனிஃபார்ம் கவுன். "பாய், வளர்ற பொண்ணு, உள்மடிப்பு தாராளமா வச்சுத் தைங்க"ன்னா சுகந்தி. "எது வரைக்கும்மா வரணும்?"னாரு பாய், வாயில ஊசியை வச்சுக்கிட்டே. "அவ ஸ்கூலே அஞ்சாவது வரைக்கும்தானே பாய், அஞ்சாவது வரைக்கும் வந்தா போதும்"னா. பிள்ளை பெத்த எந்தப் பொம்பளையும் சொல்ற பேச்சுதான், நானும் என் பசங்களுக்குச் சொல்லியிருக்கேன், நீங்களும் சொல்லியிருப்பீங்க, ஷூ வாங்கினாலும் ஒரு சைஸ் பெருசா வாங்கி முன்னால பேப்பர் அடைச்சு விடுறவங்கதானே நம்ம எல்லாம்.

தைச்சு வந்ததைப் போட்டுக்கிட்டு அந்தக் குட்டி கோணிக்குள்ள புகுந்த பூனை மாதிரி நின்னா. நல்ல வாயாடி, என் வாய்க்கு ஈடு குடுக்கிற ஒரே ஆளு. அதுல இடக்கைக்காரி வேற. சோறு திங்க மட்டும் அடிச்சு மிரட்டி வலது கைக்கு மாத்தினாங்க, எழுதுறது எறியறது மாங்கா திங்கிறது எல்லாம் இடது கைதான், கையில சாக்பீஸ் ஒட்டினாலும் மாங்கா மொளகாப்பொடி ஒட்டினாலும் இடது இடுப்புல ஒரு இழுப்பு இழுத்துத் துடைச்சுக்குவா, தெனம் சாயங்காலம் துவைக்கும்போது "ஏண்டி, கையைத் துடைக்க உனக்கு வேற துணியே கிடைக்கலையாடி"ன்னு சுகந்தி கத்துறது கிரைண்டர் சத்தத்தையும் மீறி எனக்குக் கீழ கேக்கும்.

ஐப்பசி மழையில ஜுரம் வந்துச்சு. டெங்குன்னாங்க. வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டு வந்து கழட்டிப் போட்ட பினோஃபார்மை சுகந்தி துவைச்சு மொட்டைமாடியில காயப்போட்டா, அது காயறதுக்குள்ள பிள்ளை போயிட்டா. மழை விட்டுவிட்டுப் பெய்ஞ்சு, காரியம் எல்லாம் முடிஞ்சு, வந்த சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பினதுக்கு அப்புறம் நான்தான் மேல ஏறிப்போய் அந்தத் துணியை எடுத்துக் கொண்டாந்து குடுத்தேன், சுகந்தி அதை வாங்கி கதவுக்குப் பின்னாடி இருந்த ஆணியில மாட்டினா. அவ புருஷன் இளவழகன் ரயில் பொட்டி செய்யிற கோச் ஃபேக்டரியில வெல்டர், அன்னையிலேர்ந்து அவன் அந்தக் கதவுப் பக்கம் திரும்பறதையே விட்டுட்டான்.

அடுத்த ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்த அன்னிக்குக் காலையில, யாரும் தொடாம, யாரும் நூலைப் பிரிக்காம, அந்தப் பினோஃபார்மோட உள்மடிப்புல ஒரு சுத்து தானா இறங்கியிருந்துச்சு; மேல எல்லாம் வெயில்ல வெளுத்த நீலம், கீழ புதுசா இறங்கின பட்டை மட்டும் கடையில எடுத்த அன்னிக்கு இருந்த அதே பளிச் நீலம், நாலாவது படிக்கிற பிள்ளைக்கு முட்டிக்குக் கீழ கச்சிதமா வர்ற உயரம். சாயங்காலம் பாத்தா ஆணியை விட்டு அசையாத துணியில தோள்பட்டையில வேர்வை, பாக்கெட்ல உடைஞ்ச சாக்பீஸ், இடது இடுப்புல மொளகாப்பொடி. சுகந்தி அலறவும் இல்ல, மயங்கி விழவும் இல்ல. பக்கெட்ல தண்ணி புடிச்சு சோப்புத்தூள் போட்டு ஊறவச்சா, ஊறினதை எடுத்துக் கசக்கினா, கசக்கும்போது "ஏண்டி, கையைத் துடைக்க உனக்கு வேற துணியே கிடைக்கலையாடி"ன்னு கத்தினா. எத்தனையோ மாசம் கழிச்சு அந்தக் குரலைக் கேட்ட நான் கிரைண்டரை நிறுத்திட்டு மாவுக் கையோட உக்காந்து அழுதேன்.

சந்துன்னா சந்துதானே, மொத வாரம் பயந்துச்சு, அடுத்த வாரம் வேடிக்கை பாத்துச்சு, அதுக்கு அடுத்த வாரம் குறை சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. இடுப்புல துணி சுருங்கியிருக்குன்னு பாத்துட்டு "பொண்ணு இந்த வருஷம் ரொம்ப இளைச்சிட்டா சுகந்தி, தெனம் ஒரு முட்டை குடு"ன்னு பால்காரம்மா சொன்னா. இஸ்திரி வண்டி வேணு மத்த வீட்டுப் பிள்ளைங்க துணியோட அதையும் சேத்துத் தேய்ச்சு, தோள் ரெண்டையும் நீவி, "பாப்பா துணி ஆறிடுச்சு, எடுத்துக்கோங்க"ன்னு குரல் குடுத்தாரு. ஸ்கூல் வேன் டிரைவர் காலையில வாசல்ல ஹாரன் அடிச்சு, கதவைத் தொறந்து, கொஞ்ச நேரம் பாத்துட்டு, மூடிட்டுப் போனாரு. கூடப் படிச்ச வாண்டுங்க படிக்கட்டு கீழ நின்னு "எழிலூ, நாளைக்கு தமிழ் டிக்டேஷன்"னு கத்திட்டு ஓடுச்சுங்க. பரீட்சை சமயத்துல "பிள்ளை படிக்கணும்ல, கொஞ்சம் கிரைண்டரை நிறுத்துங்க"ன்னு எதிர்வீட்டுக்காரி என்கிட்டயே வந்து அதிகாரம் பண்ணினா. யாரும் ஏன்னு கேக்கல, எப்படின்னும் கேக்கல, வளர்ற பிள்ளை வளருது, அவ்வளவுதான்னு விட்டுட்டாங்க.

இளவழகன் மட்டும்தான் விடல. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா சட்டையைக் கூட வேற சுவத்துல மாட்டுவான். பிள்ளை பேரை அவன் வாயில இருந்து யாரும் கேக்கல, 'அவ', 'அது', அவ்வளவுதான். ஒரு நாள் மாவு வாங்க வந்தவன் தூக்கு டப்பாவைப் பாத்துக்கிட்டே, "நான் அவளை இந்த ரெண்டு கையால சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தேன்க்கா, இவ தெனம் ஸ்கூலுக்கு அனுப்பிட்டிருக்கா. தெனம் சாயங்காலம் ஒரு தடவை சாகுறா எனக்கு"ன்னான். நான் ஒரு கரண்டி மாவு கூடப் போட்டு அனுப்பினேன்.

நாலாவது போச்சு, அஞ்சாவது வந்துச்சு, இன்னொரு சுத்து இறங்குச்சு. அஞ்சாவது முழுப் பரீட்சை லீவு விட்டப்போ பாத்தா, மடிப்புன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, விளிம்புல நூல் நூலாத் தொங்குது. சுகந்தி அதைத் தூக்கிக்கிட்டு மஸ்தான் பாய்கிட்ட ஓடினா, துணைக்கு நான். பாய் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இனி பிரிக்கிறதுக்குத் துணி இல்லம்மா. நீ கேட்ட அளவுக்குத்தானே வச்சேன்"னாரு. மனசுல எதுவும் வச்சுக்கிட்டுச் சொல்லல பாவம், வாய் தவறிச் சொன்னதுதான், சொன்னதும் அவருக்கே முகம் செத்துப்போச்சு.

சுகந்தி அந்தக் கடை வாசல்ல அப்படியே உக்காந்துட்டா. "நான்தான்க்கா சொன்னேன். அஞ்சாவது வரைக்கும் வந்தா போதும்னு என் வாயாலதான் சொன்னேன்"னு தலையில தலையில அடிச்சுக்கிட்டா. "எட்டாவது வரைக்கும்னு சொல்லியிருந்தா எட்டாவது வரைக்கும் இருந்திருப்பாளே. காலேஜ் வரைக்கும்னு சொல்லியிருக்கக் கூடாதா, கல்யாணம் வரைக்கும்னு சொல்லியிருக்கக் கூடாதா, துணியா கிடைக்காம போச்சு ஊர்ல?" ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க. நான் அவளைத் தூக்கி நிறுத்தி, மூஞ்சியைத் துடைச்சு, ஷேர் ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன்.

மறுநாள் எந்திரிச்சவ ஒரு முடிவோட எந்திரிச்சா. ஆறாவதுக்கு ஒரு ஸ்கூல் பாக்கணும், அந்த ஸ்கூல்ல இதே பினோஃபார்மோட சேத்துக்கணும். புதுத் துணி வாங்கிப் பிரயோஜனம் இல்ல, புதுத் துணி அந்தப் பிள்ளை உடம்பைத் தொட்டதே இல்ல, அதுக்கு அவளை எப்படித் தெரியும்? பழசோட அடியில ஒட்டுப் போட்டு, இந்த வாட்டி வாய் தவறாம எட்டாவது வரைக்கும்னு சொல்லித் தைக்கணும். கேக்க சுலபமாத்தான் இருந்துச்சு, மெட்ராஸ்ல ஸ்கூலுக்கா பஞ்சம்னு நானும் நினைச்சேன்.

மொதல்ல ஒரு பெரிய ஸ்கூலுக்குப் போனோம், வாசல்ல செக்யூரிட்டி, உள்ள நீச்சல் குளம். ஆபீஸ் ரூம்ல இருந்த பொண்ணு பினோஃபார்மை ஒரு சேர்ல உக்கார வச்சு, பேரு வயசெல்லாம் கேட்டுக்கிட்டா. சுகந்தி எதையும் மறைக்கல, பிள்ளை தவறிட்டான்னு சொன்னா. "அதெல்லாம் பரவால்ல மேடம், ஆனா எங்க யூனிஃபார்ம் மெரூன், இங்கயேதான் வாங்கணும், இந்த நீலத்தோட உள்ள விடமாட்டாங்க"ன்னா அந்தப் பொண்ணு. பிள்ளை இல்லாதது அவங்களுக்குப் பெருசாப் படல, கலர்தான் பெருசாப் பட்டுச்சு. இன்னொரு இடத்துல என்ட்ரன்ஸ் டெஸ்ட், பெஞ்சுல பினோஃபார்மை வச்சு முன்னால கேள்வித்தாளை வச்சு ஃபேனைப் போட்டுட்டுப் போனாங்க, திரும்பி வந்து "இங்கிலீஷ் ஓகேம்மா, கணக்குலதான் உங்க பொண்ணு வீக்"குன்னாங்க பாருங்க, சுகந்திக்கு எங்கிருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ, "என் பொண்ணா கணக்குல வீக்கு? திருத்தினவங்களைக் கூப்பிடுங்க, நானும் பாக்கறேன்"னு மேஜையைத் தட்டிட்டா, நான்தான் இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன். அரசாங்க ஸ்கூல்ல யூனிஃபார்ம் அவங்களே குடுப்பாங்க, ஆனா அதுவும் புதுத் துணிதானே. அண்ணா நகர், கீழ்ப்பாக்கம், பெரம்பூர், வில்லிவாக்கம்னு வெயில்ல நாங்க ஏறாத படி இல்ல, கேக்காத பேச்சு இல்ல.

கடைசியா மஸ்தான் பாய்தான் ஒரு இடம் சொன்னாரு. புரசைவாக்கத்துல நகைக்கடைக்கெல்லாம் பின்னாடி ஒரு முட்டுச்சந்து, அதுல ஒரு பழைய மாடி வீடு, அதுக்குள்ள ஒரு குட்டிப் பள்ளிக்கூடம். ஆறு, ஏழு, எட்டு, அவ்வளவுதான், ஹால்ல ஒரு கிளாஸ், ரெண்டு ரூம்ல ரெண்டு கிளாஸ், சமையக்கட்டுதான் ஆபீஸு. வாசல்ல ஒரு பெரிய நாவ மரம். ஹெட்மிஸ்ட்ரஸ் ரெஜினா மிஸ், குட்டையா குண்டா இருப்பாங்க, சேலையில ஊதாக் கறை. சுகந்தி சொன்னதை எல்லாம் குறுக்க பேசாம கேட்டுக்கிட்டு, பினோஃபார்மை மடியில வச்சுத் தடவிப் பாத்தாங்க.

"கலர் பத்திக் கவலைப்படாத. இந்த மரத்தடியில எந்தக் கலர்ல வந்தாலும் நாவப்பழம் காலத்துல எல்லாம் ஊதாதான்"னாங்க. "நான் பெத்தவங்களை இன்டர்வியூ பண்றதில்ல, பிள்ளைங்களையும் பண்றதில்ல. ஸ்கூல் தொறந்ததும் ஒரு நாள் வந்து உக்காரட்டும். சாயங்காலம் துணியைப் பாத்தாத் தெரிஞ்சுடும். பிடிச்சிருந்தா அழுக்கா வரும், பிடிக்கலைன்னா விட்ட மாதிரியே வரும். அம்மாங்க மட்டும் வாசல்ல நிக்கக் கூடாது, அம்மா நின்னா பிள்ளை ஆடாது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் இளவழகன் வெடிச்சுட்டான். ரெண்டு பேரும் கத்தின கத்துல என் கடைக்கு வந்தவங்க எல்லாம் மாவை மறந்து மேலயே பாத்துட்டு நின்னாங்க. கடைசியில அவன்தான் ஒரு பேச்சு வச்சான். "ஒரே ஒரு நாள். அழுக்காச்சுன்னா நீ சொல்றபடி சேத்துடலாம். ஆகலைன்னா அதைக் கொண்டுபோய்க் கடல்ல விட்டுடணும், நீயும் என்கூட வரணும்." சுகந்தி "சரி"ன்னா.

மஸ்தான் பாய் அடியில நீலத்துலயே ஒட்டுத் துணி வச்சு, மடிப்பு மேல மடிப்பா மடிச்சு, எட்டாவதுக்கும் மேலயே வர்ற மாதிரி தைச்சுக் குடுத்தாரு. வேணு தேய்ச்சுக் குடுத்தாரு. ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்த அன்னிக்குக் காலையில சுகந்தி அதைக் கொண்டுபோய் ஆறாம் கிளாஸ்ல ஜன்னலோரமா இருந்த ஆணியில மாட்டிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டா. வந்தவ சோறு பொங்கல, படிக்கட்டுலயே உக்காந்துட்டா. சந்து பூரா அன்னிக்கு மெதுவாத்தான் பேசிச்சு. சாயங்காலம் கூட்டிட்டு வர இளவழகன் போறதா முடிவு, "அந்த மனுஷன் வழியிலயே எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாருக்கா, கூடப் போங்க"ன்னு சுகந்தி என்னை அனுப்பினா.

நாங்க போனப்போ பெல் அடிச்சு, பிள்ளைங்க எல்லாம் நாக்கு ஊதாவா, கை ஊதாவா, மரத்தடியில பழம் பொறுக்கிக்கிட்டு ஒரே கூச்சல். ரெஜினா மிஸ் பினோஃபார்மை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்தாங்க. காலையில வேணு வச்ச இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்துச்சு. தோள்ல வேர்வை இல்ல. பாக்கெட் காலி.

"பிள்ளைங்க நாள் பூரா பேசிப் பாத்துச்சுங்கப்பா, பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுச்சுங்க"ன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பிடிக்காத பிள்ளையை எனக்குத் தெரியும், இது அது இல்ல. பிள்ளை வரவே இல்லப்பா."

இளவழகன் ஜெயிச்சுட்டான், அவன் கேட்டது அதுதானே? ஆனா அவன் அந்தத் துணியை வாங்கி முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தான், உதறிப் பாத்தான், பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுத் துழாவினான். "ஆணி சரியா இருந்துச்சா மிஸ்? ஜன்னல் பக்கம் வெயில் அடிச்சிருக்குமோ? அவளுக்கு வெயில் ஆகாது"ன்னான். "வழி தெரியாம பழைய ஸ்கூலுக்குப் போயிருப்பாளோ"ன்னான். ரெஜினா மிஸ் அவன் தோள்ல ஒரு தட்டுத் தட்டிட்டு உள்ள போயிட்டாங்க.

அவன் கொஞ்ச நேரம் அங்கயே நின்னான். பிள்ளைங்க எல்லாம் போயிடுச்சுங்க. அப்புறம் மரத்தடிக்குப் போய் மண்டி போட்டு உக்காந்து, விழுந்து கிடந்த பழத்துல நல்லாக் கனிஞ்சதாப் பாத்துப் பொறுக்கி, கையில வச்சுப் பிசைஞ்சு, அந்தப் பினோஃபார்மைத் தன் மேலயே ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளைங்க கையைத் துடைக்குமே, அதே மாதிரி இடுப்புல ஒரு இழுப்பு இழுத்தான். கொஞ்சம் மண்ணை எடுத்து அடியில தேய்ச்சான். ஒரு கொட்டையை பாக்கெட்ல போட்டான். எல்லாம் பண்ணி முடிச்சுட்டு, இத்தனை நாளாத் திரும்பியே பாக்காத துணியை மூஞ்சியில அழுத்திக்கிட்டு, சத்தமே வராம அழுதான். நான் மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்.

எந்திரிச்சு வந்து, "அக்கா, நீங்க எதையும் பாக்கல"ன்னான்.

"நான் எதையும் பாக்கலப்பா"ன்னேன்.

வீட்டுக்கு வந்தோம். சுகந்தி படிக்கட்டுலதான் இருந்தா. அவன் நீட்டினான், அவ வாங்கினா, பாத்தா, அந்த ஊதாக் கறையையே பாத்தா, பாக்கெட்ல இருந்த கொட்டையை எடுத்துப் பாத்துட்டு உள்ளயே வச்சா. இளவழகன் சுவத்தைப் பாத்துக்கிட்டு, "எழிலுக்கு அந்த ஸ்கூல் பிடிச்சிருக்கு போல. சேத்துடலாம்"னான். சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டான். சந்துல யாரோ கை தட்டினாங்க, பால்காரம்மா ஓடிப்போய் சக்கரை எடுத்துக்கிட்டு வந்து எல்லார் வாயிலயும் போட்டா.

சுகந்தி மொட்டைமாடிக் குழாயடிக்குப் போனா, பின்னாலயே நானும் போனேன், என்னவோ அவளைத் தனியா விட மனசு வரல. பக்கெட்ல தண்ணி விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அவ பினோஃபார்மைக் கல்லு மேல விரிச்சுப் போட்டு, கறை மேல கையை வச்சா.

"வலது பக்கம் இருக்குக்கா"ன்னா.

எனக்கு மொதல்ல புரியல. எழில் இடக்கைக்காரியாச்சேன்னு ஞாபகம் வந்ததும் சுகந்தி பக்கத்துல குந்தி உக்காந்தேன். அவ கண்ணுல இருந்து தண்ணி அதுபாட்டுக்குக் கொட்டுது, தொடைக்கக் கூட இல்ல.

"அவ வரலக்கா. இனி வரமாட்டா. எனக்குத் தெரியும், வாங்கும்போதே மோந்து பாத்துட்டேன்"னா. கறையைத் தடவிக்கிட்டே, "ஆனா அவர் இன்னிக்கு அவ பேரைச் சொன்னாருக்கா. கேட்டீங்கல்ல? எழில்னு சொன்னாரு. அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. எட்டாவது வரைக்கும் போகட்டும்."

அவன் ரகசியம் ஒண்ணு, அவ ரகசியம் ஒண்ணு, ரெண்டும் என் வயித்துலதான் கிடந்து வெயில்ல வச்ச மாவு மாதிரி பொங்குது, நானும் மூடி போட்டு வச்சிருக்கேன்.

சுகந்தி மூக்கை உறிஞ்சிக்கிட்டா. சோப்பை எடுத்து அந்தக் கறை மேல போட்டுத் தேய்ச்சா, தேய்ச்சுக்கிட்டே, கீழ உள்ள ரூம்ல உக்காந்திருக்கிற புருஷன் காதுல நல்லா விழற மாதிரி, பழைய குரலை எங்கிருந்தோ இழுத்துக்கிட்டு வந்து கத்தினா: "ஏண்டி எழிலு, கையைத் துடைக்க உனக்கு வேற துணியே கிடைக்கலையாடி?"

கீழேர்ந்து அவன் குரல் வந்துச்சு.

"விடு சுகந்தி, திட்டாத. வளர்ற பொண்ணு."